சிவப்பு இடைவெளி

பசிபிக் அறிவிப்பு மொழியாக்க ஆணையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, தன் வேலை மொழிபெயர்ப்பது என்றுதான் மசினா நம்பிக்கொண்டிருந்தாள். பாவம். சேர்ந்த முதல் வாரமே பயிற்சி என்று உட்கார வைத்து, அந்த எண்ணத்தைச் சுத்தமாகப் போக்கிவிட்டார்கள்.

ஆணையம் சமோவாவின் தலைநகர் அபியாவில் கடலைப் பார்த்த ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. புயல் வருகிறது என்பதிலிருந்து பன்றிக்கு வேலி போடு என்பது வரை, அரசாங்கம் ஜனங்களுக்கு எதைச் சொல்வதானாலும் அதை ஆணையம் சமோவா மொழியில் ஆக்கிச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் முத்திரை விழும். முத்திரை இல்லாத காகிதத்தை ரேடியோக்காரன்கூட வாசிக்க மாட்டான். இவ்வளவு அதிகாரம் உள்ள இடத்தில் சொற்களைப் பார்த்துக்கொள்ள இரண்டே பேர் இருந்தார்கள். மீதி ஒரு மாடி நிறைய ஆட்கள் டேக்குகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

டேக் என்றால் என்ன என்று கேட்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரு வார்த்தையைத் தடித்த எழுத்தில் போட்டாலோ, நிறம் மாற்றினாலோ, மொழிபெயர்ப்பு மென்பொருள் அந்த வார்த்தைக்கு முன்னும் பின்னும் ஒரு சின்னப் பெட்டியை வைத்து எண் போட்டுவிடும். அந்தப் பெட்டிதான் டேக். மூலத்தில் எத்தனை பெட்டி உண்டோ, மொழிபெயர்ப்பிலும் அத்தனை இருந்தாக வேண்டும். ஆணையத்தின் மென்பொருளுக்கு ஃபெத்தூ என்று பெயர் வைத்திருந்தார்கள். விண்மீன் என்று அர்த்தம். எல்லா டேக்கும் வந்துவிட்டால் ஃபெத்தூவில் பச்சை விளக்கு எரியும், ஒன்று குறைந்தாலும் சிவப்பு. பெட்டிகளுக்கு நடுவே நீங்கள் மைத்துனனைத் திட்டி எழுதிவைத்தாலும் ஃபெத்தூவுக்கு ஆட்சேபம் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை தீவு நலத் துறையிலிருந்து ஒரு பக்க அறிவிப்பு வந்தது. சவாயித் தீவில் வைமாலூ என்ற கிராமத்துக்குத் தண்ணீர் தரும் ஊற்றில், மழை வெள்ளம் பன்றிப் பட்டிகளைக் கழுவிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. கொதிக்க வைக்காமல் யாரும் குடிக்கக் கூடாது. விஷயம் அவ்வளவுதான். வைமாலூ மசினா பிறந்த ஊர். தம்பி ஃபெரெட்டி பெண்டாட்டியோடும் மகள் லானியோடும் அங்கேதான் இருந்தான்.

ஒரே மூச்சில் மொழிபெயர்த்து முடித்தாள். நிமிர்ந்து பார்த்தால் சிவப்பு விளக்கு. தீவு நலத் துறையில் யாரோ ஒரு புண்ணியவான், பழைய படகுப் போட்டி அழைப்பிதழ் ஒன்றின் மேலேயே இந்த அறிவிப்பைத் தட்டி வைத்திருந்தான். ஒவ்வொரு வார்த்தையும் ஒரு அளவு, ஒரு நிறம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்ற வாக்கியத்தில் சோற்றைவிடக் கல் அதிகம் என்கிற மாதிரி டேக்குகள் கிடந்தன. போதாததற்கு, இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே இருந்த வெறும் இடைவெளிக்கும் ஒரு ஜோடி. அந்த இடைவெளியின் நிறம் சிவப்பு என்றது ஃபெத்தூ. ஒன்றுமே இல்லாத இடம் எப்படிச் சிவப்பாக இருக்கும் என்று மசினா கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையில் மூக்கு இடிக்கப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஃபெரெட்டி, ஊத்துத் தண்ணிய யாரும் அப்படியே குடிக்காதீங்கடா. பன்னிச் சாணி கலந்திருக்கு."

"யாரு சொன்னா?"

"அரசாங்கம்."

"காயிதம் வந்திருக்கா?"

"நான்தான்டா அதை மொழிபெயர்த்துட்டு இருக்கேன்."

"அப்ப இன்னும் வரலை." அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "எங்க வீட்ல காய்ச்சிக்கிறோம் அக்கா. ஊருக்கு நான் சொல்ல முடியாது. சுனாமிக் கதை மறந்து போச்சா உனக்கு?"

மறக்குமா? போன வருஷம் எவனோ போனில் வந்ததை நம்பி சுனாமி சுனாமி என்று கத்த, ஊரே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை அடுப்பில் விட்டுவிட்டு மலையேறியது. பாதிரியார் காலைச் சுளுக்கிக்கொண்டார். கடல் அன்றைக்குத் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி அசையாமல் கிடந்தது. அன்றோடு ஊர்த் தலைவர்கள் சபை ஒரு சட்டம் போட்டது. முத்திரை போட்ட காகிதம் இல்லாமல் ஆபத்து என்று வாயைத் திறக்கிறவன் வீட்டிலிருந்து ஒரு பெரிய பன்றி அபராதம்.

"சீக்கிரம் அனுப்பு அக்கா," என்றான் ஃபெரெட்டி. "பள்ளிக்கூடத்துத் தொட்டிக்கும் அதே தண்ணிதான். பிள்ளைங்க எல்லாம் அதுலதான் வாய வெக்குதுங்க."

பக்கத்து மேஜையில் இருந்த செமிசி, டோங்காக்காரர்களுக்கான அறிவிப்புகளை மொழிபெயர்ப்பவன். பூமி பிளந்தாலும் வாயில் இருக்கிற பனிகேகேயை, எண்ணெயில் பொரித்த அந்த மாவு உருண்டையை, மென்று முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். அவன் எட்டிப் பார்த்தான்.

"ஓ, சிவப்பு இடைவெளியா? எனக்குப் போன மாசம் ஊதா கலர்ல ஒரு முற்றுப்புள்ளி வந்துச்சு. அதுக்குத் துணைக் குழு போட்டாங்க. அந்தக் குழு இன்னும் நடக்குது."

"என்ன செய்யறதுடா? தண்ணி விஷயம்டா இது."

"எல்லா டேக்கையும் கூட்டி வாரி வாக்கியத்துக் கடைசில கொட்டு. ஊர் உலகத்துல எல்லா மொழிபெயர்ப்பாளனும் இதத்தான் செய்யறான், வெளியில சொல்ல மாட்டான். ஃபெத்தூ எண்ணும், பாக்காது."

கொட்டினாள். பச்சை எரிந்தது. மசினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அது வந்த வேகத்திலேயே போகும்படி, டேக் நேர்மைப் பிரிவின் தலைவர் துவிலோமா அச்சுப் பிரதியோடு அவள் மேஜைக்கு வந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பேசி, தனியாகப் பேசும்போதும் கூட்டத்தைப் பார்க்கிற மாதிரியே பார்க்கிறவர்.

"இது என்னம்மா மசினா?"

"எல்லா டேக்கும் இருக்குங்க ஐயா."

"இருக்கு. எப்படி இருக்கு? படகுத்துறையில டிக்கெட் கிடைக்காத கூட்டம் மாதிரி இருக்கு. நம்ம சபை வீட்டுல ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு தூண் உண்டா, இல்லையா? அந்தத் தூண்ல சாய்ஞ்சு உக்காந்தாத்தானே அவர் தலைவர்? நீ எல்லாத் தலைவரையும் கொண்டுபோய்ச் சமையக்கட்டுல உக்கார வெச்சிருக்கியே, நியாயமா?"

"ஐயா, அந்தத் தண்ணிய ஊரே குடிக்குது."

"தண்ணி நலத் துறை விஷயம். டேக் நம்ம விஷயம். அடுத்தவன் வேலைல மூக்க நுழைக்கிறது நம்ம பண்பாடு இல்லம்மா."

புதன்கிழமை கூட்டம் கூடியது. முதலில் ஜெபம். பிறகு முறைப்படி காவா வேர்ப் பானம் கரைத்து, கைதட்டி, தேங்காய்ச் சிரட்டையில் வரிசைக் கிரமமாக எல்லோருக்கும் கொடுத்தார்கள். யாருக்கு முதல் சிரட்டை என்பதில் அரை மணி போனது. அதன் பிறகு துவிலோமா எழுந்து, கிடைத்தற்கரிய ஒரு சிவப்பு இடைவெளி இன்று நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று ஆரம்பித்தார். அதைச் சமோவா வாக்கியத்தில் எந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே அமர்த்துவது என்பதுதான் கேள்வி. முன்னால் வைத்தால் பின்னால் இருப்பவை வருத்தப்படும் என்றார் ஒருவர். சீதனப் பாயின் விளிம்பில் தைக்கிற சிவப்பு இறகு மாதிரி இது, இடம் மாறினால் பாய்க்கே மதிப்பில்லை என்றார் இன்னொருவர். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சிவப்பு இடைவெளிக்கென்று ஒரு துணைக் குழு அமைந்தது.

டெரக் ஹாலரன் கடைசியில் பேசினார். ஃபெத்தூவை விற்க பிரிஸ்பேனிலிருந்து வந்து, ஆலோசகராக அப்படியே தங்கிவிட்டவர். இடுப்பில் லாவாலாவா வேட்டி, முகத்தில் வேர்வை, சமோவா மொழியில் வணக்கமும் நன்றியும் மட்டும். மசினா எழுந்து, ஒரே ஒரு தடவை அந்த அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கூட்டத்தில் வாசிக்கலாமா என்று கேட்டாள். டெரக் அன்பாகச் சிரித்தார்.

"மசினா, உன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா வார்த்தைய நான் எதால அளக்கறது? நீ ஒண்ணு எழுதுவ, இன்னொருத்தர் வேற எழுதுவாங்க, ரெண்டும் சரிம்பீங்க. எனக்கு உங்க பாஷை தெரியாது. அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது. டேக்க எண்ணலாம். எண்ண முடிஞ்சாத்தான் தரம். மத்ததெல்லாம் இலக்கியம்."

பலத்த கைதட்டல். இலக்கியம் என்று சொல்லும்போது அவர் மூக்கைச் சுளித்ததை மசினா மட்டும் பார்த்தாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் ஃபெரெட்டியின் போன்.

"பிள்ளைங்களுக்கு வயித்தால போகுது அக்கா. மேலத் தெருவுல நாலஞ்சு வீட்ல படுத்துட்டாங்க. ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷன், தானாவே தொட்டிக்குப் பூட்டுப் போட்டுட்டார். காயிதம் வரட்டும், என்ன சொல்லுதோ அதுபடி நடப்போம்னு சபைல சொல்லிட்டாங்க. எல்லாரும் படகுத்துறையத்தான் பாத்துட்டு இருக்காங்க. எங்க இருக்கு காயிதம்?"

எங்கே இருக்கிறது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? மசினா தீவு நலத் துறைக்கே நேரில் போய்க் கேட்டாள். நாங்கள் திங்கட்கிழமையே அனுப்பிவிட்டோம், இப்போது அது உங்களிடம்தான் இருக்கிறது, எப்போது தருவீர்கள் என்று அங்கிருந்த பெண் இவளையே திருப்பிக் கேட்டாள்.

அன்று மதியம் மசினா தன் வாழ்நாளில் செய்த முதல் குற்றத்தைச் செய்தாள். மூலக் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நிறம், அளவு, தடிப்பு அத்தனையையும் துடைத்து எறிந்தாள். வெறும் கறுப்பு எழுத்து மட்டும் மிஞ்சியது. டேக்கே இல்லை. அதன் மேல் மொழிபெயர்த்து ஃபெத்தூவுக்குள் விட்டாள். பூஜ்யத்துக்குப் பூஜ்யம் சரியாகப் போக, பச்சை எரிந்தது.

மாடியில் மணி அடித்தது. அப்படி ஒரு மணி அந்தக் கட்டடத்தில் இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"மூலத்துல கை வெச்சுட்டியேம்மா," என்றார் துவிலோமா. கோபமே இல்லை, துக்கம்தான். "அத்தனை டேக்கு. ஒரே அமுக்குல. அதுங்க உனக்கு என்ன பாவம் செஞ்சுது?"

"ஐயா, பிள்ளைங்க படுத்துட்டாங்க ஐயா."

"பிள்ளைங்களுக்கு நாளைக்குச் சரியாயிடும். போன டேக் வருமா?"

வேலையை விட்டுத் தூக்கியிருந்தால்கூட மசினா தாங்கியிருப்பாள். ஆணையம் பண்பாட்டைக் காக்கும் ஆணையம் அல்லவா? அதனால் இஃபோகா என்று முடிவாயிற்று. பெரும் குற்றம் செய்தவர்கள் பாதிக்கப்பட்டவர் வீட்டு முன்னால் தலையில் சீதனப் பாயைப் போர்த்திக்கொண்டு மண்டியிட்டு, அந்த வீட்டார் வந்து பாயை விலக்கி மன்னிக்கும்வரை காத்திருக்கிற வழக்கம் அது. பாதிக்கப்பட்ட டேக்குகளுக்கு வீடு கிடையாது என்பதால், கணினிகள் வைத்திருந்த குளிர்சாதன அறையின் வாசலில் அவளை உட்கார வைத்தார்கள்.

பாயின் இருட்டுக்குள் அந்த அறையின் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மசினா சிறுமியாக இருந்தபோது உண்மையான இஃபோகா ஒன்றைப் பார்த்திருக்கிறாள். சித்தப்பாவின் லாரி ஓர் இளைஞன் மேல் ஏறிவிட்டது. குடும்பமே விடியலில் போய் அந்தப் பையன் வீட்டு முற்றத்தில் பாய்க்குள் உட்கார்ந்திருந்தது. பையனின் அம்மா வெளியே வந்து பாயைத் தூக்கி, சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதபோது ஊரே சேர்ந்து அழுதது. ஓர் உயிருக்கு உட்கார்ந்த பாயில் இன்று பெட்டிகளுக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு வந்த வெட்கமும் கோபமும் கொஞ்சநஞ்சம் இல்லை. எழுந்து போய்விடலாம்தான். போனால் அந்தக் காகிதத்தை யார் அனுப்புவார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாயை விலக்க வேண்டிய துவிலோமா சாப்பிடப் போயிருந்தார்.

பாயின் ஓரம் தூக்கப்பட்டு ஒரு கை உள்ளே வந்தது. கையில் பனிகேகே.

"தின்னு," என்றது செமிசியின் குரல். "அவர் இன்னும் மீன் குழம்புக்கே வரலை."

"செமிசி, ஒரு சிவப்பு இடைவெளிக்கு இவ்வளவாடா?"

"இது பரவாயில்ல. ஊதா முற்றுப்புள்ளிக்கு என்னைப் பாட வெச்சாங்க."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. சனிக்கிழமைப் படகில் நானே ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவள் கேட்ட விடுப்பும் கிடைக்கவில்லை. விசாரணையில் இருப்பவர்கள் தீவை விட்டு வெளியே போகக் கூடாதாம்.

தீவு நலத் துறையிலிருந்து மூலக் கோப்பை டேக்குகளோடு மறுபடி வரவழைத்து, வெள்ளிக்கிழமை காலை டெரக் ஹாலரன் விடை கண்டுபிடித்துவிட்டார். எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டுப் பெரிய திரையில் காட்டினார்.

"இவ்வளவு நாளா நாம டேக்க நகர்த்தி நகர்த்திப் பாத்தோம். நேத்து எனக்கு ஒரு யோசனை. வார்த்தைங்கள எடுத்துட்டுப் பாத்தா என்ன? எடுத்தேன். பாருங்க, எல்லா டேக்கும் மூலத்துல இருக்கிற அதே வரிசையில, கனகச்சிதமா! முட்டல் இல்ல, மோதல் இல்ல. கோளாறு டேக்ல இல்ல நண்பர்களே. வார்த்தைலதான் இருந்திருக்கு."

சிவப்பு இடைவெளி இருந்த இடத்திலேயே சுகமாக இருந்தது. ஃபெத்தூ நூற்றுக்கு நூறு என்றது. ஆணையத்தின் சரித்திரத்தில் இதுவே முதல் தடவை.

"வார்த்தைகள் இரண்டாம் பதிப்புல வரும்," என்று அறிவித்தார் துவிலோமா.

மசினா முன்னால் போய் நின்றாள். "ஐயா, காகிதத்துல ஒண்ணுமே இல்லையே ஐயா."

"ஒண்ணுமே இல்லையா? நல்லாப் பாரும்மா. மேல சின்னம் இருக்கு, சுத்திச் சட்டம் இருக்கு, முத்திரைக்கு இடம் இருக்கு, கீழ நம்ம ஆணையத்தோட பேர் இருக்கு."

"சொல்ல வந்த விஷயம்?"

"அதுவும் இருக்குன்னுதான் ஃபெத்தூ சொல்லுது. அதவிட உனக்கு நல்லாத் தெரியுமா?"

அவள் எதிரே இருந்த பிரதியைப் பிடுங்கி, பேனாவால் தண்ணீர் என்று எழுதத் தொடங்கினாள். முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள் துவிலோமா பேனாவை மெதுவாக அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "கையெழுத்துக்கு டேக் கிடையாதும்மா," என்றார், குழந்தைக்குச் சொல்வது போல. பிரதி குப்பைக்குப் போனது. வேறு சுத்தமான பிரதியில் முத்திரை விழுந்தது. மதியப் படகில் உறையில் வைத்து வைமாலூவுக்கு அனுப்பினார்கள்.

தம்பியைப் பிடிக்க மசினா எத்தனையோ தடவை முயன்றாள். சபை கூடும்போது ஊரில் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அப்படியே போனது.

திங்கட்கிழமை ஆணையத்தில் விழா. தேங்காய்க் கேக்கின் மேல் சிவப்புச் சர்க்கரையில் நூறு என்று எழுதியிருந்தார்கள். டெரக் ஒரு பேச்சுப் பேசினார், துவிலோமா இரண்டு பேசினார். மொழிபெயர்ப்பாளர் மசினாவின் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடந்திருக்காது என்று சொல்லி அவள் கழுத்தில் ஒரு மாலையும் போட்டார்கள். அப்போதுதான் போன் வந்தது. அவள் சன்னல் பக்கம் ஓடினாள்.

"காயிதம் வந்துச்சு அக்கா." ஃபெரெட்டியின் குரலில் சத்தே இல்லை.

"அத நம்பாதீங்கடா. அதுல ஒண்ணுமே இல்லடா."

"அதத்தான் பாதிரியாரும் சொன்னார். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார், திருப்பிப் பாத்தார், மோந்துகூடப் பாத்தார். சபைல ரொம்ப நேரம் பேசினாங்க. அரசாங்கம் இவ்வளவு பெரிய முத்திரை போட்டு, படகு ஏத்தி அனுப்பி, ஒரு வார்த்தையும் சொல்லலைன்னா, சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்? தண்ணி கெட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டாங்களான்னுட்டாங்க."

"நீ எந்திரிச்சுச் சொல்ல வேண்டியதுதானே!"

"எந்திரிச்சேன் அக்கா. எங்க அக்காதான் எழுதினா, தண்ணி கெட்டதுன்னுதான் எழுதினான்னு சொன்னேன். எழுதினதக் காட்டுன்னாங்க. என்னத்தக் காட்டுவேன்? பன்னி அபராதத்தக் கட்டின பிறகுதான் வெளிய விட்டாங்க. ஹெட்மாஸ்டரும் என்ன செய்வார், தொட்டிப் பூட்டத் திறந்துட்டார்."

"லானி எங்கடா?"

"பள்ளிக்கூடம் போயிட்டா. நான் வாழைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன், இப்பத்தான் வந்தேன். காய்ச்சின தண்ணி பாட்டில வீட்லயே வெச்சுட்டுப் போயிட்டா அக்கா. அதான் தொட்டி திறந்தாச்சே, இத எதுக்குச் சுமக்கணும்னாளாம் அம்மாகிட்ட."

"ஓடுடா! போன வெச்சுட்டு ஓடு!"

"ஓடிட்டுத்தான் பேசறேன்," என்றான். மூச்சிரைப்பும் சரளைக் கல்லில் செருப்பு தேயும் சத்தமும் கேட்டன. தூரத்தில் பள்ளிக்கூடத்து இடைவேளை மணி அடித்தது, பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு வெளியே ஓடிவரும் சத்தம் கேட்டது. அதோடு இணைப்பு அறுந்துவிட்டது.

திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

"மசினா, என்னம்மா அங்க நிக்கிற?" என்றார் துவிலோமா. "போட்டோவுக்கு வா. உனக்காகத்தான் எல்லாரும் காத்துட்டு இருக்கோம்."

போனைக் காதில் வைத்தபடியே போனாள். அவளுக்கென்று நடுவில் இடம் விட்டிருந்தார்கள். அங்கே போய் நின்றாள்.